வேறு வைத்தல்

வக்கீல் ஜெசிந்தா முதலில் கேட்டது
ஏன் என்று இல்லை, எப்போது என்று.
"கல்யாணமாகி ஒரு வருஷம் முடிஞ்சதா?"
நாலு, என்றேன்.
"பிரிஞ்சிருந்து?"
அங்கேதான் தடுமாறினேன்.

ஒரே வீடு, ஒரே நிலைக்கதவு.
வளவின் வடக்கு அறை அவருக்கு.
எதிரே சாமான் அறையில்
நூற்றியொரு எவர்சில்வர் பேசினுக்கு நடுவே
என் மடக்குக் கட்டில்.
போன சித்திரையிலிருந்து.

"ஒரு கூரைக்குள்ள இருந்தாலும்
புருஷன் பெண்டாட்டியா வாழலேன்னா
பிரிவுதாம்மா. ஒரு வருஷம் ஆயிருக்கணும், அவ்வளவுதான்."
சட்டம் சுவர்களை எண்ணுவதில்லை போலும்.

சிரிப்பு வந்தது எனக்கு.
கல்யாணமான ஆறாம் மாதம்
மாமியார் நல்ல நாள் பார்த்து
தனி அடுப்புத் தந்து
அரிசி பருப்பு உப்பு அளந்து
எங்களை வேறு வைத்தாக.
அன்றைக்கு வேறு என்றால்
நாங்கள் இருவரும் ஒரு பக்கம்.

பத்திரிகை வேண்டும், மாலையோடு ஒரு படம்,
பதிவாளர் சான்று, ஆதார் நகல்.
கேட்காமலே நான் கொண்டுபோனது
இசைகுடிமானம்.
ஜெசிந்தா இரண்டு முறை படித்தார்.
"ரெண்டு அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்காங்க.
நீங்க எங்கே?"
இல்லை.
"மனுவுல நீங்கதான் போடணும். பக்கத்துக்குப் பக்கம்."

பதினோரு பக்கம்.
சிகப்பி, சிகப்பி, சிகப்பி.
ஏழாம் பக்கத்தில்
யாரோ ஒருத்தியின் பெயராகிப் போய்
பத்தாம் பக்கத்தில் திரும்பி வந்தது.

இருவரும் சம்மதித்தால் காரணம் வேண்டாமாம்.
இல்லையென்றால் கொடுமை, கைவிட்டுப் போனது,
வேறு தொடர்பு, இப்படி எதையாவது
நிரூபிக்க வேண்டுமாம்.
வயிரவன் அடித்ததில்லை. குடித்ததில்லை.
சாப்பிட்டாயா என்றும் கேட்டதில்லை.
கேளாமைக்கு ஏதும் பிரிவு உண்டா என்றேன்.
பேனாவை மூடிவிட்டு
என்னை முதல் முறையாகப் பார்த்தார்.

செக்காலை ரோட்டுக் கடையில்
ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார் இவர்.
சொன்னேன்.
தராசு முள் நிற்கும்வரை நிமிரவில்லை.
பிறகு, "சரி."

சிவகங்கைக் கோர்ட்டில் முதல் மனு.
ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்,
மனசு மாறினால் மாறட்டும் என்று.
பதினெட்டு மாதத்துக்குள் வராவிட்டால்
மனு தானே செத்துப்போகும்.

அந்த ஆறு மாதத்தில்
சாமான் கணக்குப் பார்த்தோம்.
சிட்டையை அவர் வாசிக்க நான் எடுத்து வைத்தேன்.
வெள்ளி, பித்தளை, மரச்சாமான்,
கழுத்துருவின் உருப்படிகள் ஒவ்வொன்றாய்.
எல்லாம் சரி. ஒரு வெள்ளிக் கரண்டி குறைந்தது.
தேடினோம், கிடைக்கவில்லை.
நாலாம் நாள் புதுக் கரண்டி வாங்கி வந்தார்,
என் அப்பச்சி விலாசம் வெட்டி.
கல்யாணத்துக்கு அப்புறம்
எனக்கென்று யோசித்து
அவர் வாங்கிய முதல் பொருள்.
மனசு மாறவில்லை.
ஆனால் அதைப் பெட்டியில் போடவும் முடியவில்லை,
கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை ஒரே பஸ்.
பழக்கத்தில் ரெண்டு டிக்கெட் எடுத்துவிட்டார்.
கல்லல் தாண்டியதும்
என் காசைச் சில்லறையாய் நீட்டினேன்.
எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

நீதிபதி கேட்டார்:
யாரும் வற்புறுத்தினார்களா?
இல்லை.
முடிவில் மாற்றம் உண்டா?
இல்லை.
ரெண்டு இல்லை. நாலு வருஷம்.
அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

மாசியில் அவரிடமிருந்து போன்.
"கோயில்ல புள்ளி வரி போடுறாக.
இதுவரைக்கும் நாம சேர்ந்து ஒரு புள்ளி.
ஒருத்தர் செத்தா அரைப்புள்ளி.
இதை எப்படி எழுதன்னு கேக்குறாக."

நான் சாகவில்லை, அவரும் சாகவில்லை.
தீர்ப்பு நகல் மூன்று பக்கம் புரட்டினேன்,
அதில் ஒரு வரி இல்லை இதைப் பற்றி.

"வக்கீலைக் கேளுங்க," என்றேன்.
"கேட்டேன். அவுகளுக்கும் தெரியலையாம்."

இருவரும் கொஞ்ச நேரம்
போனை வைக்காமல் இருந்தோம்.
பின்னால் தராசுத் தட்டில்
யாரோ ஆணி கொட்டும் சத்தம்.
"சாப்பிட்டியா?" என்றார்.